ரெண்டு விரல் கடன்: ஐந்து வயதுக்கு மேல் விரல் விட்டு எண்ணினால் கணக்கு வராதா?

கயல்மொழி:
வாய்ப்பாட்டுத் திரியில் கணக்குவாத்தியார் ஐயா நேற்று இப்படி எழுதியிருந்தார்: "ஐந்து வயதுக்கு மேல் விரலை மடக்கி நீட்டிக் கணக்குப் போடுகிற பிள்ளைக்கு ஆயுசுக்கும் கணக்கு வராது. விரல் என்பது ஊன்றுகோல். ஊன்றுகோலோடு ஓடினவனை நான் பார்த்ததில்லை." அதற்கு 46 பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள். அங்கேயே பதில் எழுதினால் பத்தோடு பதினொன்றாகப் போய்விடும் என்பதால் இந்தத் தனித் திரி.

என் மகளுக்கு ஐந்து வயது எட்டு மாதம். நேற்று மாலை ஏழும் ஐந்தும் எத்தனை என்று கேட்டேன். இடது கையை முழுக்க விரித்தாள், வலது கையில் இரண்டு விரல். ஏழு ஆயிற்று. அப்புறம் வலது கையில் மிச்சமிருந்த மூன்றையும் ஒவ்வொன்றாக நீட்டினாள். எட்டு, ஒன்பது, பத்து. விரல் தீர்ந்துவிட்டது. இரண்டு கையையும் விரித்தபடியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, ரெண்டு விரல் குடு." கொடுத்தேன். கை காலியில்லாததால் மூக்கால் தொட்டு எண்ணினாள். "பதினொண்ணு, பன்னெண்டு."

மூன்று போக இன்னும் இரண்டு வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இது கணக்கு இல்லையென்றால் வேறு எதுதான் கணக்கு, ஐயா?

கணக்குவாத்தியார்:
எனக்காகத் தனித் திரியே தொடங்கிவிட்டீர்கள். மகிழ்ச்சி. இடதுகைத் திரியில் என்னைப் "பழைய பிரம்பு" என்று எழுதியவரும் நீங்கள்தான் என்பதை மறக்கவில்லை.

31 ஆண்டுகள் பள்ளியில் கணக்கு நடத்தியவன் நான். எட்டாம் வகுப்பில் 15இலிருந்து 8 போனால் எத்தனை என்று கேட்டால் சில பிள்ளைகளின் கை மேசைக்குக் கீழே போகும். தோள்பட்டை லேசாக அசையும், அதை வைத்தே பிடித்துவிடுவேன். அவர்கள் எல்லாருமே ஐந்து வயதில் "என்ன அழகாக எண்ணுகிறது பார்" என்று கொஞ்சப்பட்ட பிள்ளைகள்தான்.

உங்கள் கதையில் எனக்கு ஒரே ஒரு கேள்வி. இரண்டு விரல் வேண்டும் என்பது விரல் தீர்வதற்கு முன்பே அவளுக்குத் தெரியுமா, தீர்ந்த பிறகு தெரிந்ததா? முன்பே தெரியும் என்றால் அது மனக்கணக்கு, விரல் வெறும் அலங்காரம். பிறகு என்றால் அது கணக்கே இல்லை, பற்றாக்குறை. எப்படிப் பார்த்தாலும் விரலுக்கு மதிப்பெண் கிடையாது.

ஒற்றைப்படை:
மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். சரியாகச் சொன்னால் மனசுக்குப் பெருமை, தடுமாறினால் விரலுக்குக் கெட்ட பெயர். நல்ல நீதி, வாத்தியாரே.

கூட்டல் கற்கிற பிள்ளைகள் படிப்படியாக ஏறுகிறார்கள். ஏழை எண்ணி, ஐந்தை எண்ணி, மறுபடியும் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாவற்றையும் எண்ணுவது முதல் படி. ஏழை அப்படியே வைத்துக்கொண்டு எட்டிலிருந்து தொடர்வது அடுத்தது. அப்புறம் 2+9 என்று கொடுத்தாலும் ஒன்பதைப் பிடித்துக்கொண்டு பத்து, பதினொன்று என்று இரண்டே தாவலில் முடிப்பார்கள். இதைப் பல பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கிறார்கள். கயல்மொழி அவர்களின் மகள் ஏழிலிருந்து தொடர்ந்ததோடு ஐந்தை மூன்றாகவும் இரண்டாகவும் உடைத்தும் இருக்கிறாள். பாடப்புத்தகத்தில் "பத்தாக்கிக் கூட்டுதல்" என்று வருகிற பாடமே இதுதான். அந்தப் பாடத்தை நீங்கள் 31 ஆண்டுகள் நடத்தியிருப்பீர்கள்.

ஆதாரம் வேண்டுமா? சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் தெவெனோவின் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வு. விரலைப் பயன்படுத்தாத ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு விரல் விட்டுக் கூட்டக் கற்றுக்கொடுத்தார்கள். சரியான விடைகள் 37 விழுக்காட்டிலிருந்து 77க்குப் போயின. கற்றுக்கொடுத்தார்கள் ஐயா, தட்டிவிடவில்லை.

கணக்குவாத்தியார்:
தம்பி, நீச்சல் வளையத்தை மாட்டிவிட்டால் மூழ்காமல் மிதப்பான் என்று கண்டுபிடிக்க ஒரு பல்கலைக்கழகம் எதற்கு? வளையத்தைக் கழற்றும் நாளில் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

77 என்றீர்கள். மீதி 23 எங்கே போயிற்று? நான் சொல்கிறேன். ஏழிலிருந்து எண்ணு என்றால் ஏழுக்கே முதல் விரலை மடக்குவான். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. ஐந்து விரலும் முடிந்தது. விடை பதினொன்று! ஒன்று குறைவு. இந்த ஒன்று குறைந்த விடைத்தாள்களை நான் மூட்டை மூட்டையாகத் திருத்தியிருக்கிறேன். தப்பு எங்கே நடந்தது என்று பிள்ளைக்கும் தெரியாது, ஏனென்றால் விரல் சரியாக ஐந்துதான் மடங்கியிருக்கும். இந்தப் பள்ளத்தை ஆராய்ச்சிக்காரர்கள் தாண்டிப் போய்விடுவார்கள், நாங்கள் விழுந்தவனைத் தூக்க வேண்டும்.

அம்மா, நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. இரண்டு விரல், முன்பா பின்பா?

கயல்மொழி:
அவள் எட்டு என்று சொல்லிக்கொண்டேதான் அடுத்த விரலை நீட்டினாள் ஐயா. ஏழுக்கு விரல் மடக்கவில்லை. விடையும் பன்னிரண்டு. நீங்கள் திருத்திய மூட்டையில் இவள் தாள் இல்லை.

முன்பா பின்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அவள் மண்டைக்குள்ளா உட்கார்ந்திருந்தேன்?

கணக்குவாத்தியார்:
தெரியாது என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

பின்வரிசை:
பெரியவர்கள் சண்டைக்கு நடுவே ஒரு சின்ன யோசனை. கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணிப் பாருங்கள். விரலுக்கு மூன்று, ஒரே கையில் பன்னிரண்டு. ஏழும் ஐந்தும் கச்சிதமாக அதில் அடங்கும். கடனும் வேண்டாம், வட்டியும் வேண்டாம். மூக்குக்கும் ஓய்வு.

கணக்குவாத்தியார்:
அதுவும் விரல்தான். கணு என்று பெயரை மாற்றினால் ஆயிற்றா?

பெருக்கல்குறி:
வாத்தியார் ஐயாவுக்கு என் முழு ஆதரவு. என் மகன் நான்கு வயதிலேயே 100 வரை எண்ணுவான், தமிழிலும் ஆங்கிலத்திலும். ஐந்தரை வயதில் அபாகஸ் (மணிச்சட்டம்) வகுப்பில் சேர்த்தோம். இப்போது இரண்டிலக்கக் கூட்டல் எல்லாம் மனசுக்குள்ளேயே. விரலே கிடையாது. கண்ணை மூடிக்கொள்வான், விடை வரும். பெற்றோர் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். எல்லாருக்கும் அந்தப் பொறுமை இருப்பதில்லை.

பின்வரிசை:
சார், சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். கண்ணை மூடும்போது மகனின் கை என்ன செய்கிறது? என் அக்கா மகளும் அபாகஸ்காரிதான். கண்ணை மூடிக்கொண்டு காற்றில் விரலால் மணி தள்ளுவாள். பக்கத்தில் உட்கார்ந்தால் கண்ணில் குத்து விழும்.

பெருக்கல்குறி:
அது விரல் இல்லை. மணியைக் கற்பனை செய்து நகர்த்துவது.

பின்வரிசை:
எதால் நகர்த்துவது?

ஒற்றைப்படை:
இந்தத் திரியின் ஆகச்சிறந்த கேள்வி. மணிச்சட்டத்தில் பழகியவர்கள் மனசுக்குள் கணக்குப் போடும்போது விரலை அசைப்பது தெரிந்த விஷயம். கையைக் கட்டிப்போட்டால் சிலர் தடுமாறுவார்கள். அப்படியானால் காசு கட்டிக் கற்றுக்கொண்ட விரல் அறிவாளி, இலவசமாகக் கற்றுக்கொண்ட விரல் முட்டாளா?

பெருக்கல்குறி:
வயிற்றெரிச்சலுக்கு மருந்தில்லை.

நிலாமுற்றம்:
மழலையர் வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இங்கே எல்லாரும் "எண்ணத் தெரியும்" என்கிறீர்கள், ஆளுக்கு ஒரு அர்த்தத்தில். முதலில் அதை முடிவு செய்யலாமே?

என் வகுப்பில் ஒரு குட்டிப் பையன். ஐம்பது வரை மூச்சு விடாமல் சொல்வான். மணிகள் இருந்த கிண்ணத்தைக் காட்டி, "எனக்கு ஆறு மணி கொடு கண்ணா" என்றேன். கையை விட்டு ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் கொட்டினான். பதினோரு மணி இருந்தது. "இது ஆறா, எண்ணிப் பார்" என்றதும் ஒன்று இரண்டு என்று பதினொன்று வரை அழகாக எண்ணிவிட்டு, "ம், ஆறு" என்று தலையாட்டினான். பொய் சொல்லவில்லை. அவனுக்கு எண்ணுவது ஒரு பாட்டு, ஆறு என்பது வேறு சமாச்சாரம். உளவியலாளர் காரென் வின் 1990இல் இதே மாதிரி "இத்தனை பொருள் கொடு" என்று கேட்டுப் பார்த்தபோது சின்னக் குழந்தைகள் பலர் இப்படித்தான் அள்ளிக் கொடுத்தார்கள்.

கெல்மன், காலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் 1978லேயே எண்ணுவதற்கு ஐந்து விதி சொல்லிவிட்டார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண் பெயர்தான். பெயர்களின் வரிசை மாறக்கூடாது. கடைசியில் சொன்ன பெயரே மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் தொகை ஒன்றே. அந்தப் பையனுக்கு மூன்றாவது விதி இன்னும் பிடிபடவில்லை. அதைப் பிடிக்க வைக்க விரலைவிடக் கைக்கருகே வேறு என்ன இருக்கிறது?

கணக்குவாத்தியார்:
நல்ல பதிவு அம்மா. உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பையன் மணியை எண்ணினான், விரலை அல்ல. இங்கே விவாதம் இரண்டு விரலைப் பற்றியது. முன்பா, பின்பா?

நிலாமுற்றம்:
நான் எழுதியதில் கடைசி வரியை மட்டும் படித்தீர்கள் போல.

பின்வரிசை:
அதையும் பாதிதான் படித்திருக்கிறார்.

ஒற்றைப்படை:
பெருக்கல்குறி சார், நூறு வரை எண்ணும் மகனிடம் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ஆறு நாணயத்தை ஒரு வரிசையாகவும், அதற்கு நேர் கீழே இன்னொரு ஆறையும் வையுங்கள். இரண்டும் சமமா என்று கேளுங்கள். சமம் என்பான். அவன் பார்க்கும்போதே கீழ் வரிசையை அகலமாகப் பரப்பிவிட்டு, இப்போது எதில் அதிகம் என்று கேளுங்கள். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே செய்து காட்டிய பழைய சோதனைதான். ஐந்து வயதுப் பிள்ளைகள் பலர் நீண்ட வரிசையைக் காட்டுவார்கள்.

பெருக்கல்குறி:
செய்தேன். கேள்வியே குழப்பமானது. ஒரு தடவை சமம் என்று சொன்ன பிறகு மறுபடியும் கேட்டால், முதலில் சொன்னது தப்பு போல என்று பிள்ளை நினைக்கும். என் மகனுக்குப் புத்தியில் குறை ஒன்றும் இல்லை.

ஒற்றைப்படை:
அதாவது நீண்ட வரிசையைக் காட்டினான்.

நிலாமுற்றம்:
உண்மையில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1974இல் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற உளவியலாளர்கள் அதே சோதனையை மாற்றிச் செய்தார்கள். பெரியவர் கலைக்காமல், ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து வரிசையைக் கலைத்துவிட்டதாக நடித்தார்கள். அப்போது முன்பைவிட நிறையப் பிள்ளைகள் "சமம்தான்" என்றார்கள். பெரியவர் வேண்டுமென்றே மாற்றிவிட்டுக் கேட்டால், ஏதோ மாறியிருக்க வேண்டும் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது.

பெருக்கல்குறி:
நன்றி டீச்சர். ஒற்றைப்படை இதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளவும்.

கணக்குவாத்தியார்:
பார்த்தீர்களா? ஒரு ஆராய்ச்சியை இன்னொரு ஆராய்ச்சி கடிக்கிறது. நடுவில் ஒரு கரடி வேறு. 31 ஆண்டுகளில் எனக்குக் கரடி தேவைப்படவில்லை.

பின்வரிசை:
வகுப்பில் ஏற்கெனவே ஒன்று இருந்திருக்கும்.

(இதற்கு அடுத்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. தனிநபர் தாக்குதல் வேண்டாம். திரியின் தலைப்பிலேயே பேசவும். மட்டுறுத்துநர்)

கணக்குவாத்தியார்:
என் பதிவு நீக்கப்பட்டிருக்கிறது, கரடி அப்படியே இருக்கிறது. நல்ல மட்டுறுத்தல்.

கயல்மொழி:
நூறு வரை எண்ணுவதைப் பற்றிப் பேசியதால் சொல்கிறேன். என் மகள் எண்பத்தொன்பது வரை வந்துவிட்டு "எண்பத்துப்பத்து" என்றாள். திருத்தினேன். அடுத்த முறை யோசித்து "ஒன்பதுபது" என்றாள். இருபது, முப்பது, எண்பது என்று வரும்போது அதுதானே நியாயம்? அவள் விதியைப் பிடித்துவிட்டாள், நம் மொழிதான் காலை வாரிவிட்டது. ஒப்பித்த பிள்ளை இந்தத் தப்பைச் செய்யாது.

பெருக்கல்குறி:
என் மகன் சரியாகத் "தொண்ணூறு" என்பான். உடனே அவன் யோசிக்காதவன் என்று முடிவுகட்டிவிடுவீர்களே!

சுழியன்:
ஒன்பதுக்குத் "தொண்டு" என்றொரு பழம்பெயர் உண்டு. தொண்ணூறையும் தொள்ளாயிரத்தையும் அதோடு சேர்த்துப் பாருங்கள், புரியும். மொழி காலை வாரிவிடவில்லை, நாம்தான் வேரை மறந்தோம். பிள்ளைக்குத் தொண்டு என்ற சொல்லைச் சொல்லிக்கொடுங்கள்.

கயல்மொழி:
சொன்னால் "அப்போ எண்பதுக்கு அப்புறம் தொண்பதுன்னுதானே வரணும், நூறு எதுக்கு நடுவுல வருது?" என்று கேட்பாள். அதற்கும் பதிலை நீங்களே எழுதிவிடுங்கள்.

சுழியன்:
அது நீண்ட வரலாறு. பிறகு எழுதுகிறேன். அதைவிட முக்கியமான ஒன்று. விரலில் எண்ணுவதை எதிர்ப்பவர்களும் சரி, ஆதரிப்பவர்களும் சரி, ஒன்றைக் கவனிக்கவில்லை. விரலில் சுழியம் எங்கே?

பின்வரிசை:
பூஜ்ஜியமா? மூடின கை.

சுழியன்:
சுழியம்.

பின்வரிசை:
மூடின கைதான் பூஜ்ஜியம்.

சுழியன்:
சுழியம் என்ற நல்ல சொல் இருக்கும்போது வேண்டுமென்றே அப்படி எழுதுகிறீர்கள். அளவைகள் திரியிலும் இதையேதான் செய்தீர்கள்.

ஒற்றைப்படை:
மூடிய கை நல்ல பதில்தான். எண்ணத் தெரிந்த நான்கு வயதுப் பிள்ளையிடம் இரண்டு மிட்டாயில் இரண்டையும் எடுத்துவிட்டு எத்தனை என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லும். அந்த ஒண்ணுமில்லைக்கு ஒரு எண் உண்டு, அது ஒன்றைவிடச் சிறியது என்று ஏற்றுக்கொள்ளத்தான் நாளாகிறது. மூடிய கையைக் காட்டி "இதுவும் ஒரு எண்" என்றால் சிரிக்கும், ஆனால் மறக்காது.

அப்புறம், வாத்தியார் ஐயாவுக்கு. எண்களைக் குறிக்கும் "டிஜிட்" என்ற சொல்லே லத்தீனில் விரல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நீங்கள் கரும்பலகையில் எழுதிய ஒவ்வோர் இலக்கமும் ஒரு விரல்.

கணக்குவாத்தியார்:
சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் "கால்குலேட்டர்" சிறு கூழாங்கல்லிலிருந்து வந்தது. அதற்காகப் பிள்ளை பாக்கெட்டில் கல்லை நிரப்பிக்கொண்டு வரட்டுமா?

ஒற்றைப்படை:
மழலையர் வகுப்புக்கா? தாராளமாக வரட்டும். மரியா மாண்டிசோரி 1907இல் தொடங்கிய பள்ளியிலிருந்து இன்றுவரை அந்த வழியில் பிள்ளைகள் கோலையும் மணியையும் தொட்டுத்தான் எண்ணைக் கற்கிறார்கள். பெல்ஜியத்து ஆசிரியர் குய்சனேர் வண்ண வண்ணக் கட்டைகளையே கணக்குப் பாடமாக்கினார். ரோஜர் மாதிரி எழுத வேண்டாம் என்றால் ஒரே வரியில் சொல்கிறேன்: தொட்டுப் பார்க்காத எண் பிள்ளைக்கு வெறும் சத்தம்.

பின்வரிசை:
யார் அந்த ரோஜர்?

ஒற்றைப்படை:
கைபேசியின் வேலை. "ரொம்ப நீளமாக" என்று அடித்தேன், அது தானாகத் திருத்திவிட்டது.

கணக்குவாத்தியார்:
விரலால் தட்டச்சு செய்ததன் விளைவு.

(சரி, இது ஒன்றுக்கு நானே சிரித்துவிட்டேன். மட்டுறுத்துநர்)

நிலாமுற்றம்:
சிரித்தது போதும், ஒரு விஷயம். ஆய்வாளர் நான்சி ஜோர்டனும் குழுவும் பிள்ளைகளை மழலையர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு முடியும்வரை பின்தொடர்ந்து 2008இல் எழுதினார்கள். தொடக்கத்தில் விரலை அதிகம் பயன்படுத்திய பிள்ளைகளே அதிகம் சரியாகச் சொன்னார்கள். போகப்போக அந்தத் தொடர்பு மங்கி, இரண்டாம் வகுப்பு முடிவில் நேர்மாறாகிவிட்டது.

கணக்குவாத்தியார்:
வந்துவிட்டதல்லவா! நேர்மாறு! இதைத்தானே நான் முதல் நாளிலிருந்து சொல்கிறேன். விரலோடு நிற்பவன் பின்தங்குவான். டீச்சரே சொல்லிவிட்டார். 46 பேர் சும்மா விருப்பம் போடவில்லை.

ஒற்றைப்படை:
இரண்டாம் வகுப்பு முடிவு என்றால் ஏழெட்டு வயது. நீங்கள் எழுதியது ஐந்து. திரியின் முதல் பதிவில் உங்கள் வாக்கியம் அப்படியே இருக்கிறது. தொடக்கத்தில் விரல்காரர்கள்தான் முன்னால் இருந்தார்கள் என்ற முதல் பாதியை எங்கே விழுங்கினீர்கள்?

கணக்குவாத்தியார்:
வயதைப் பற்றி இப்போது யார் பேசினார்கள்? ஐந்து என்பது ஒரு பேச்சுக்கு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று சொல்வதில்லையா? அதற்கும் பிறப்புச் சான்றிதழ் கேட்பீர்களா?

ஒற்றைப்படை:
விரல் மட்டும் ஐந்தில் வளையக்கூடாது!

பின்வரிசை:
அப்படிப் போடு.

பெருக்கல்குறி:
ஐந்தோ ஏழோ, கடைசியில் விரலை விட்டுத்தானே ஆக வேண்டும்? பார்வையற்ற குழந்தைகள் விரல் விட்டு எண்ணுவது மிகக் குறைவு என்றும் படித்தேன். ஆனாலும் அவர்களுக்குக் கணக்கு வருகிறது. ஆக, விரல் இல்லாமலே கணக்கு வரும்.

ஒற்றைப்படை:
விரல் இல்லாமல் கணக்கு வரவே வராது என்று இந்தத் திரியில் எழுதியவர் யார், காட்டுங்கள். விரல் இருந்தால் வராது என்றுதான் ஒருவர் எழுதினார். இரண்டும் ஒன்றில்லை. இந்த வித்தியாசம் புரிய விரல் தேவையில்லை.

நிலாமுற்றம்:
நான் வகுப்பில் விரலைத் தட்டிவிட்டதும் இல்லை, பிடித்து வைத்துக்கொண்டதும் இல்லை. பத்துக் கட்டம் போட்ட பலகையில் காய் நகர்த்தி விளையாடுவோம். சீக்லர், ரமணி என்ற ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள். ஒன்று முதல் பத்து வரை வரிசையாக எண் போட்ட பலகையில் மொத்தமாக ஒரு மணி நேரம் விளையாடினாலே பிள்ளைகளின் எண் அறிவு கூடியது. காயை நகர்த்தும்போது "ஒன்று, இரண்டு" என்று மறுபடி தொடங்காமல், நிற்கிற கட்டத்திலிருந்து "ஆறு, ஏழு" என்று சொல்லவைக்க வேண்டும். நான் செய்வதெல்லாம் அதுதான். கொஞ்ச நாளில் விரல் தானாக மடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை நாள் என்று கேட்டால் பிள்ளைக்குப் பிள்ளை மாறும்.

கணக்குவாத்தியார்:
பலகை நல்லது. காய் நல்லது. வெளியே இருக்கும் பொருள், ஒரு நாள் எடுத்து உள்ளே வைத்துவிடலாம். விரலை எடுத்து எங்கே வைப்பது? கையோடு அல்லவா வருகிறது, தேர்வறை வரைக்கும்!

என் கேள்வி மூன்று பக்கமாக அனாதையாக நிற்கிறது. இரண்டு விரல் கேட்டது முன்பா, பின்பா? தாயாருக்குத் தெரியாது. ஒற்றைப்படைக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. டீச்சர் கரடி காட்டுகிறார்.

கயல்மொழி:
உங்கள் தொல்லை தாங்காமல் இன்று காலை அவளிடம் 8+6 கேட்டேன். பத்து போக நான்கு விரல் கேட்பாள் என்று என் கையைத் தயாராக முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அவள் கையைத் தூக்கவே இல்லை. சுவரைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "பதினாலு." எப்படிம்மா தெரியும் என்றேன். "உன் விரலப் பாத்தேன்" என்றாள். என் கை முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

கணக்குவாத்தியார்:
கையைத் தூக்கவே இல்லை! நீங்களே எழுதிவிட்டீர்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? விரலை விட்டதும் கணக்கு வந்துவிட்டது.

ஒற்றைப்படை:
"உன் விரலப் பாத்தேன்" என்ற வரியை மட்டும் கண் தாண்டிப் போய்விட்டதா? இல்லாத விரலைக் கண்ணுக்குள் கொண்டுவந்து எண்ணியிருக்கிறாள். இருக்கும் விரலில் எண்ணிப் பழகாதவளுக்கு அது எப்படி வரும்?

கணக்குவாத்தியார்:
முதுகுக்குப் பின்னால் இருக்கும் விரலை யாரும் பார்க்க முடியாது தம்பி. பார்க்க முடியாத விரலுக்கு மனக்கணக்கு என்று பெயர்.

பெருக்கல்குறி:
அருமை ஐயா. என் மகன் கண்ணை மூடிக்கொண்டு செய்வதும் இதேதான்.

ஒற்றைப்படை:
அது விரல் இல்லை, மணி என்றீர்களே!

சுழியன்:
பார்க்க முடியாத விரலின் எண்ணிக்கை சுழியம்.

பின்வரிசை:
பூஜ்ஜியம்.

கணக்குவாத்தியார்:
திசைதிருப்ப வேண்டாம். கயல்மொழி அம்மா, அந்த நான்கு விரலை மனசில் பார்த்தாளே, அது எட்டிலிருந்து பத்து ஆவதற்கு முன்பா, பின்பா? கேட்டீர்களா?

கயல்மொழி:
தூங்கிவிட்டாள் ஐயா.

கணக்குவாத்தியார்:
பரவாயில்லை. காலையில் கேட்டு எழுதுங்கள். நான் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவேன்.